பதினெட்டுப் பேர் போதுமா?

கேள்வி:

வணக்கம் அம்மா. நான் முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டை முடிக்கப்போகிறேன். மறதி நோய் உள்ள பெற்றோரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள், மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலிகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது என் தலைப்பு. இதுவரை பதினெட்டுக் குடும்பங்களோடு நீண்ட நேர்காணல்கள் முடிந்திருக்கின்றன.

போன மாதம் எங்கள் துறைகளின் ஆய்வு நாள் நடந்தது. நலவாழ்வு, பண்பாடு, தொழில்நுட்பம், திட்டமிடல் என்று நான்கு அரங்குகள். என் போஸ்டரை எங்கே வைப்பது என்று அமைப்பாளர்களுக்கே தெரியவில்லை. கடைசியில் தொழில்நுட்ப அரங்கின் வாசல் ஓரம் இடம் கிடைத்தது. பக்கத்துப் போஸ்டரில் இரண்டு லட்சம் பயனர்களின் செயலிப் பதிவுகள். அதைப் பார்த்து முடித்த ஒரு மூத்த பேராசிரியர் என்னிடம் வந்து, "சாம்பிள் எவ்வளவு?" என்றார். பதினெட்டு என்றேன். "இது ஆய்வா, கதை சேகரிப்பா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்.

ஏழாவது நேர்காணலில் ஒரு மகள் சொன்னதையாவது அவரிடம் சொல்லியிருக்கலாம். அலாரம் அடித்தால் அவருடைய அப்பா எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். ஓய்வுபெற்றுப் பதினைந்து வருஷம் ஆகிறது. அதனால் அலாரம் அடிப்பதற்கு முன்பே மகள் 'எடுத்தாயிற்று' என்ற பொத்தானை அழுத்திவிடுகிறார். மாத்திரையை அப்புறம், அப்பா அமைதியாக இருக்கும் நேரம் பார்த்துக் கொடுக்கிறார்.

நான் செய்வது ஆய்வுதானா? கேள்வித்தாள் தயாரித்து ஐந்நூறு பேரிடம் கொடுக்கும்படி மாற்றிவிடட்டுமா? நான் எந்தத் துறையைச் சேர்ந்தவள்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், நீங்கள் செய்வது ஆய்வுதான். ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக அதை நம்பிவிட வேண்டாம். அடுத்த முறை யாராவது அதே கேள்வியைக் கேட்டால் நின்று பதில் சொல்ல உங்களிடம் காரணம் இருக்க வேண்டும். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வு முறையியல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன நான்கு அரங்குகளிலிருந்தும் ஆய்வேடுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. சிறுநீரக நோயாளிகளின் தூக்கம் பற்றி ஒன்று, அருங்காட்சியகங்களில் பொருள்களுக்குப் பக்கத்தில் வைக்கும் விளக்கக் குறிப்புகள் பற்றி ஒன்று, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் பற்றி ஒன்று, பேருந்து நிறுத்தங்களின் நிழல் பற்றி ஒன்று. இவை எல்லாம் எப்படி ஒரே பட்டத்துக்கு உரியவை என்ற சந்தேகம் ஆரம்பத்தில் எனக்கும் இருந்தது. படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. ஒவ்வொரு துறைக்கும் ஒரு பயம் இருக்கிறது. எந்த இடத்தில் ஏமாந்துவிடுவோம் என்ற பயம். அந்தத் துறையின் முறைகள், எண்ணிக்கைகள், வெளியே இருந்து பார்த்தால் வெறும் சடங்காகத் தெரியும் விதிகள் எல்லாம் அந்தப் பயத்திலிருந்து பிறந்தவை. உங்களிடம் வந்த பேராசிரியர் தன் துறையின் பயத்தைக் கேள்வியாகக் கேட்டார். அது உங்கள் ஆய்வின் பயம் இல்லை. அவர் அதைச் சொன்ன விதம் சரியில்லை என்பது வேறு விஷயம்.

நலவாழ்வு ஆய்வின் பயம், நல்ல எண்ணத்தோடே ஆளைக் கொன்றுவிடுவோமோ என்பது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்கள் சிலருக்கு இதயத்துடிப்பில் சின்னச் சின்னத் தடுமாற்றங்கள் இருக்கும். அப்படி இருப்பவர்கள் திடீரென்று இறந்துபோகும் வாய்ப்பு அதிகம். தடுமாற்றத்தை அடக்கும் மருந்துகளும் இருந்தன. அடக்கினால் உயிர் தப்பும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மருத்துவர்களும் அப்படி நினைத்துக் கொடுத்துவந்தார்கள். 1980களின் பிற்பகுதியில், சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுபோல் நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும் இன்னொன்றுக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து துடிப்பின் தடுமாற்றத்தை அடக்கியது. ஆனால் என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற இரண்டு மருந்துகளைச் சாப்பிட்டவர்கள்தான் அதிகமாக இறந்தார்கள். 1989இல் அந்த இரண்டு மருந்துகளையும் ஆய்விலிருந்து நிறுத்தினார்கள்.

இப்படிப் பிரித்துப் பார்க்கும் முறைக்கு வழிகாட்டியாக நிற்பது 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு. காசநோயாளிகள் 107 பேர். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். யார் எந்தப் பக்கம் என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. நோயாளியைச் சேர்க்கும் மருத்துவருக்கு அது முன்கூட்டித் தெரியாது. எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கும் எது எந்தக் குழுவினுடையது என்று சொல்லவில்லை. ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்தார்கள். மொத்தமே 107 பேர் என்பதைக் கவனியுங்கள். மருத்துவ ஆய்வின் போக்கையே மாற்றிய அந்த வேலைக்குப் பலம் கொடுத்தது அந்த ஒட்டிய உறை.

சரி, உறையால் பிடிக்க முடியாதவை அதே மருத்துவமனைக்குள் இருக்கின்றனவா? இருக்கின்றன. 1960களில் பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள், ஜீன் குவிண்ட் என்ற செவிலியரோடு சேர்ந்து, அமெரிக்க மருத்துவமனைகளின் வார்டுகளில் நாள்கணக்கில் நின்று பார்த்தார்கள். தான் சாகப்போவது நோயாளிக்குத் தெரியுமா, அவருக்குத் தெரியும் என்பது மற்றவர்களுக்குத் தெரியுமா என்பது அவர்கள் கேள்வி. அவர்கள் கண்ட நிலைகளில் ஒன்று என் மனதை விட்டுப் போகவே இல்லை. நோயாளிக்குத் தெரியும், செவிலியருக்கும் தெரியும், ஆனால் ஒன்றுமே தெரியாததுபோல் இரு பக்கமும் நடித்துக்கொண்டிருக்கும். இதைக் கேள்வித்தாளில் எப்படிக் கேட்பது? 'தெரியுமா' என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. 1965இல் வெளிவந்த அந்த வேலையும் நலவாழ்வு ஆய்வுதான். அந்த வார்டுகளில் வேலை செய்யும்போதுதான், களத்திலிருந்து கருத்தை மெல்ல மெல்லக் கட்டி எழுப்பும் முறை ஒன்றையும் கிளேசரும் ஸ்ட்ராஸும் உருவாக்கினார்கள். இன்று நேர்காணலை வைத்து ஆய்வு செய்யும் பாதிப் பேர் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். உங்கள் ஆய்வேட்டிலும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பண்பாட்டு ஆய்வின் பயம், அடுத்தவர் வாயில் நம் சொல்லைத் திணித்துவிடுவோமோ என்பது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. 1930களில் மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்டும் யூகோஸ்லாவியாவுக்குப் போய், வாய்மொழியாகக் கதைப்பாடல் பாடுபவர்களை அலுமினியத் தட்டுகளில் பதிவு செய்தார்கள். ஹோமரின் காவியங்கள் அவ்வளவு நீளத்தில் எழுத்தின் துணையில்லாமல் எப்படி உருவாகியிருக்கும் என்று அறியத்தான் அந்தப் பயணம். ஒரு பாடகர், தான் இன்னொருவரிடம் கேட்ட பாட்டைச் சொல்லுக்குச் சொல் அப்படியே பாடுவதாக உறுதியாகச் சொன்னார். பதிவுகளை ஒப்பிட்டால் அப்படி இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. எழுத்தோடு வளர்ந்த நமக்குச் 'சொல்' என்றால் தாளில் இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே நிற்கும் ஒரு துண்டு. அவருக்குச் 'சொல்' என்பது கதையில் ஒரு முழுக் கூற்று. அவருடைய கணக்குப்படி பாட்டு மாறவே இல்லை. பிற்காலத்தில் ஈழத்துத் தமிழறிஞர் க. கைலாசபதி, பாட்டு வாய்மொழியாகவே உருவாகிறது என்ற இந்தப் பார்வையைச் சங்கப் பாடல்களுக்குக் கொண்டுவந்தார். 1968இல் அது ஆங்கிலத்தில் நூலாக வந்தது. அவர் முடிவுகளை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் பால்கன் மலைப்பகுதியில் பதிவான சில பாடகர்களின் குரல், ஈராயிரம் ஆண்டு பழைய தமிழ்ப் பாடல்களைப் பற்றிய வாதத்துக்குள் நுழைந்தது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அந்தப் பாடகர்களை எண்ணிப் பார்த்து யாரும் ஒதுக்கிவிடவில்லை.

உங்கள் நேர்காணல் எழுத்துப்படிகளை எடுத்து 'சமாளிக்கிறோம்' என்ற சொல்லைத் தேடுங்கள். நிச்சயம் நிறைய இடத்தில் இருக்கும். ஒருவருக்குச் சமாளிப்பது என்றால் இரவில் மூன்று மணி நேரம் தூக்கம் கிடைப்பது. இன்னொருவருக்கு, அம்மா தன்னை யார் என்று கேட்டபோதும் முகம் மாறாமல் இருப்பது. இரண்டையும் 'சமாளிப்பு உத்திகள்' என்ற ஒரே தலைப்பின் கீழ் போட்டுவிட்டால், பாடகரின் 'சொல்'லை நம்முடைய சொல்லாக எடுத்துக்கொண்ட அதே பிழைதான் நடக்கும்.

அடுத்தது தொழில்நுட்பம். உங்கள் போஸ்டர் இங்கேதான் நின்றது என்பதால் இங்கே கொஞ்ச நேரம் நிற்கிறேன். இந்தத் துறையின் பயம், ஆய்வகத்தில் ஓடியது வெளியே ஓடாமல் போய்விடுமோ என்பது. நல்ல தொழில்நுட்ப ஆய்வாளர்களுக்கு இந்தப் பயம் மிக அதிகம். இல்லாதவர்களுக்கு என்ன நடக்கும் என்பதை 2020 காட்டியது. நெஞ்சுப் படங்களை வைத்துக் கோவிட் தொற்றைக் கண்டறிவதாகவோ, யாருக்கு நோய் முற்றும் என்று கணிப்பதாகவோ சொன்ன, தரவிலிருந்து தானாகக் கற்கும் கணினி நிரல்கள் அந்த ஆண்டு வந்து குவிந்தன. அவற்றைத் திறனாய்ந்த ஒரு குழு 2021இல் முடிவை வெளியிட்டது. தேடலில் கிடைத்தவை 2,212 ஆய்வுகள். தரச் சோதனையைத் தாண்டி நின்றவை 62. அந்த 62இலும் மருத்துவப் பயன்பாட்டுக்குத் தயாரானது ஒன்றுகூட இல்லை. அவர்கள் சுட்டிய குறைகளில் ஒன்று: பல ஆய்வுகளில் 'கோவிட் இல்லாதவர்' பக்கத்துக்கு ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் படங்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோவிட் பக்கத்தில் இருந்தவர்கள் பெரியவர்கள். அப்படிப் பழக்கப்பட்ட நிரல் நோயைப் பார்க்கக் கற்றதா, வயதைப் பார்க்கக் கற்றதா என்று யார் சொல்வது? எண்ணிக்கைக்கு அங்கே பஞ்சமே இல்லை. ஒவ்வொரு படமும் யாருடையது, எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஒரு பழைய, அழகான வழி இருக்கிறது. 1980களில் லூசி சச்மன் என்ற மானிடவியலாளர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் வேலை செய்தார். பயன்படுத்துபவருக்குப் படிப்படியாக வழிகாட்டும் வசதியோடு ஒரு நகலெடுக்கும் இயந்திரம் இருந்தது. அதற்கு முன் அதைத் தொட்டே பார்க்காதவர்களை இரண்டிரண்டு பேராக அதன் முன் நிறுத்தி, அவர்கள் திணறுவதை வீடியோ எடுத்தார். பிறகு நடந்ததை ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் நான்கு பத்திகளாகப் பிரித்து எழுதினார். மனிதர்கள் செய்வதிலும் பேசுவதிலும் இயந்திரத்துக்குத் தெரியாதவை முதல் பத்தியில். இயந்திரத்துக்குத் தெரிந்தவை இரண்டாவதில். இயந்திரம் வெளியே காட்டுபவை மூன்றாவதில். அது அப்படிக் காட்டியதற்கு வடிவமைப்பாளர் வைத்திருந்த காரணம் நான்காவதில். முதல் பத்தி நீண்டு நிரம்பி வழியும். இரண்டாவதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு பொத்தான் அழுத்தியது மட்டும் இருக்கும். இயந்திரத்தின் உலகம் எவ்வளவு சின்னது என்பதை அந்தத் தாளே காட்டிவிடும்.

உங்கள் ஏழாவது நேர்காணலை அந்த நான்கு பத்திகளில் எழுதிப் பாருங்கள். முதல் பத்தியில், அலாரம் என்றால் அலுவலகம் என்று நினைக்கும் அப்பா, மாட்டிய சட்டையைக் கழற்றவைக்க ஆகும் நேரம், அதைத் தவிர்க்க முந்திக்கொள்ளும் மகள், அப்புறம் நிதானமாகக் கொடுக்கும் மாத்திரை. இரண்டாவது பத்தியில் 'எடுத்தாயிற்று' என்ற ஒற்றை வரி, அதுவும் உண்மையில் எடுக்காத நேரத்தில். இப்போது பக்கத்துப் போஸ்டரின் இரண்டு லட்சம் பேரை நினைத்துப் பாருங்கள். அந்தத் தரவில் இருப்பது முழுக்க இரண்டாவது பத்தி. அதில் எத்தனை 'எடுத்தாயிற்று'கள் இப்படி முந்திக்கொண்டு அழுத்தியவை என்று அந்தத் தரவு தானாகச் சொல்லாது. அப்படி ஒன்று நடக்கக்கூடும் என்பதையே உங்கள் பதினெட்டுப் பேரிடமிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும். அந்தப் போஸ்டர்க்காரரை நீங்கள் போட்டியாளராகப் பார்க்கிறீர்கள் என்று கடிதம் படிக்கும்போது தோன்றியது. அவரைப் போய்ப் பாருங்கள். குறித்த நேரத்துக்குச் சில நிமிடம் முன்பே அழுத்தப்பட்ட பொத்தான்கள் எத்தனை என்று அவர் தரவில் எண்ணிவிடலாம். ஏன் என்று அவருக்கு விளங்காது, உங்களுக்கு விளங்கும்.

திட்டமிடல் துறையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், உங்கள் தலைப்புக்கு அது சற்றுத் தள்ளி நிற்கிறது. சராசரிக்குள் ஆள் காணாமல் போய்விடுவார் என்பது அதன் பயம். சான்பிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்பு ஆய்வாளர் 1960களின் கடைசியில் மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் நாளுக்குச் சுமார் 2,000 வண்டிகள், அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. அங்கே குடியிருப்பவர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்களுடைய நண்பர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று தெருவின் படத்தில் கோடு போட்டார். வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள். வண்டி நிறைந்த தெருவில் ஒருவர்கூட முழுசாக இல்லை. போக்குவரத்துக் கணக்கு எடுப்பவர்கள் வண்டியை எண்ணிக்கொண்டிருந்தபோது, இவர் தெருவைத் தாண்டிப் போகாமல் நின்றுவிட்ட கோடுகளை எண்ணினார். மூன்றே மூன்று தெருக்கள். ஆனாலும் தெரு வடிவமைப்பைப் பற்றிப் பேசுபவர்கள் இன்றும் அந்தப் படத்தை எடுத்துக் காட்டுகிறார்கள்.

இனி உங்கள் பதினெட்டுக்கு வருவோம். இதுவரை நான் சொன்னதை வைத்து, குறைந்த எண்ணிக்கை எப்போதும் போதும் என்று எடுத்துக்கொண்டால் நான் உங்களுக்குக் கெடுதல் செய்தவளாவேன். பதினெட்டு என்பது எதற்குப் போதும், எதற்குப் போதாது என்பதை நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும். 'எத்தனை சதவீதம் பேர் அலாரத்தை அணைக்கிறார்கள்' என்ற கேள்விக்குப் போதவே போதாது. ஆகவே, '61 சதவீதம் பராமரிப்பவர்கள்' என்று ஆய்வேட்டில் எங்கேயும் எழுதாதீர்கள். பதினெட்டில் பதினொன்று என்று எழுதுங்கள். 'பெரும்பாலான குடும்பங்கள்' என்று பொதுவாகவும் எழுதக் கூடாது. இந்த இரண்டு பழக்கத்தையும் விட்டாலே பேராசிரியரின் கேள்வியில் பாதி தானாக விழுந்துவிடும். 'நினைவூட்டல் என்ற ஒன்று ஒரு வீட்டுக்குள் நுழையும்போது என்னென்ன விதமாக மாறுகிறது' என்ற கேள்விக்குப் பதினெட்டு போதலாம். 'போதலாம்' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2006இல் வெளிவந்த ஒரு ஆய்வில், 60 நேர்காணல்களை வரிசையாக அலசிப் பார்த்தபோது, கருத்துகளில் பெரும்பகுதி முதல் பன்னிரண்டிலேயே வந்துவிட்டது தெரிந்தது. அதன்பிறகு 'பன்னிரண்டு' என்பதை மந்திரம்போல் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஒரே மாதிரி ஆள்கள், குறுகிய கேள்வி என்றால்தான் அந்தக் கணக்கு பொருந்தும் என்று அதை எழுதியவர்களே எச்சரித்திருக்கிறார்கள். உங்கள் கடைசி மூன்று நேர்காணல்களில் புதிதாக என்ன வந்தது என்று பாருங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் நிறுத்தலாம். வந்துகொண்டே இருக்கிறது என்றால் பதினெட்டு போதாது. எண்ணிக்கை குறைவு என்பதால் அல்ல, கேள்வி இன்னும் மூடவில்லை என்பதால்.

அதைவிட எனக்குக் கவலையான ஒன்று உங்கள் கடிதத்தில் இல்லாதது. இந்தப் பதினெட்டுக் குடும்பங்களை எப்படிப் பிடித்தீர்கள்? ஒரே மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவிலிருந்து என்றால், மருத்துவமனைக்கே வராத குடும்பங்கள் உங்கள் ஆய்வில் இல்லை. செயலியை வைத்திருப்பவர்களிடமிருந்து மட்டும் என்றால், ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு அழித்தவர்கள் இல்லை. என்னைக் கேட்டால் அழித்தவர்களிடம்தான் அதிகம் கற்றுக்கொள்ளலாம். பராமரிப்பவர்கள் எல்லோரும் மகள்களும் மருமகள்களுமா? மகன்கள் எத்தனை பேர்? ஐந்நூறு பேரைச் சேர்க்கச் செலவழிக்கும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கை இதில் செலவழித்து, இல்லாதவர்களில் நாலைந்து பேரைத் தேடிப் பிடியுங்கள்.

இதோடு உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. மாற்ற வேண்டாம். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு மாணவி, இரவுப் பணி செவிலியர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று இருபத்திரண்டு நேர்காணல்கள் செய்திருந்தார். ஆய்வுக்குழுவில் எண்ணிக்கையைக் கேட்டார்கள். நானும் பயந்துபோய், கேள்வித்தாளாக மாற்றிவிடு என்றேன். நானூறு படிவங்கள் திரும்பி வந்தன. 'மருத்துவரை அழைக்கத் தயங்கியதுண்டா?' என்ற கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் 'சில நேரங்களில்' என்பதில் டிக் அடித்திருந்தார்கள். நேர்காணலில் ஒரு செவிலியர், போனைக் கையில் எடுத்து மறுபடி வைத்த மூன்று தருணங்களை நிமிடம் நிமிடமாக விவரித்திருந்தார். அது ஆய்வேட்டின் பிற்சேர்க்கைக்குப் போய்விட்டது. பட்டம் கிடைத்தது. ஆனால் அந்த மாணவிக்கு நான் சொன்ன ஆலோசனை தப்பு என்று இன்றுவரை நினைக்கிறேன். கேள்வித்தாள் நல்ல கருவிதான், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த பிறகு. 'அலாரம் அடிப்பதற்கு முன்பே பொத்தானை அழுத்துவீர்களா?' என்று ஏழாவது நேர்காணலுக்கு முன் உங்களால் கேட்டிருக்கவே முடியாது. பட்டம் முடித்த பிறகு ஐந்நூறு பேரிடம் போங்கள். அப்போது கையில் உருப்படியான கேள்வி இருக்கும்.

மூன்றாவது, எந்தத் துறை என்ற கேள்வி. இது அடையாளத்தைப் பற்றியது என்று நினைத்து நீங்கள் வருந்துகிறீர்கள். நான் இதை நடைமுறைக் கேள்வியாகப் பார்க்கிறேன். உங்கள் ஆய்வேட்டை யார் திருத்தப்போகிறார்? அவர் எந்தப் பயத்தில் வளர்ந்தவர்? உங்களிடம் வலுவாக இருப்பது பேச்சும் கவனிப்பும். பொருள் ஒரு கருவி. ஆகவே கருவிகளை மனிதர்களோடு சேர்த்துப் பார்க்கும் சமூகவியல் அல்லது மானிடவியல் பின்னணி உள்ள தேர்வாளரை உங்கள் நெறியாளரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். முதல் இயலிலேயே, 'இந்தக் கருவி பலன் தருகிறதா என்பது இந்த ஆய்வின் கேள்வி அல்ல' என்று ஒரு வாக்கியம் எழுதிவிடுங்கள். பலன் என்ற சொல்லைக் கண்டாலே நலவாழ்வுத் துறையினர் ஒட்டிய உறையைக் கேட்பார்கள், கேட்பதும் நியாயம்.

அரங்குகளுக்கு நடுவே நிற்பதை ஒரு குறையாக எண்ண வேண்டாம். சில பிழைகள் அந்த நடுவில் நிற்பவர்களுக்குத்தான் கண்ணில் படுகின்றன. 2019இல் ஜியாத் ஓபர்மேயரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட ஒரு மருத்துவ நிரலை ஆராய்ந்தார்கள். யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று அது தேர்ந்தெடுக்கும். நோயின் தீவிரத்தை நேரடியாக அளக்காமல், ஒருவருக்கு எவ்வளவு மருத்துவச் செலவு ஆகும் என்று கணித்து அதையே தேவையாக எடுத்துக்கொண்டது. நிரலாளருக்கு அது தர்க்கமாகத்தான் தெரியும். ஆனால் ஒரே அளவு நோய் இருந்தாலும் கறுப்பின நோயாளிகளுக்கு அங்கே குறைவாகவே செலவிடப்பட்டுவந்தது. செலவு குறைவு என்றால் நோய் குறைவு என்று நிரல் படித்துக்கொண்டது. அந்தக் கோணலைச் சரிசெய்தால், கூடுதல் உதவிக்குத் தேர்வாகிறவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக உயரும் என்று கணக்கிட்டார்கள். இது எந்த அரங்கின் ஆய்வு? நோயும் இருக்கிறது, நிரலும் இருக்கிறது, ஒரு சமூகத்தின் வரலாறும் இருக்கிறது, வளத்தை யாருக்குப் பங்கிடுவது என்ற திட்டமிடலும் இருக்கிறது. செலவு என்ற எண்ணைத் தேவை என்று எடுத்துக்கொண்டது எப்படிப்பட்ட பிழையோ, 'எடுத்தாயிற்று' என்ற பொத்தானை மாத்திரை என்று எடுத்துக்கொள்வதும் அதே வகைப் பிழை. உங்கள் போஸ்டரில் இருந்தது இதுதான் என்று அந்தப் பேராசிரியரிடம் இரண்டே நிமிடத்தில் சொல்லலாம். ஆய்வுக்குழுவுக்கு முன் இந்த இரண்டு நிமிடத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், மனதுக்குள் மட்டும் சொல்லிப் பார்த்தால் போதாது.

ஒரு சின்ன எச்சரிக்கையும் உண்டு. அந்த அப்பாவின் கதை நினைவில் நிற்கக்கூடியது. அதனாலேயே, தெரிந்தவர் யாராவது படித்தால் அந்தக் குடும்பத்தை அடையாளம் கண்டுவிடுவார்கள். அவர் பார்த்த வேலை, வயது, ஓய்வுபெற்ற ஆண்டு ஆகியவற்றை ஆய்வேட்டில் மாற்றிவிடுங்கள், மாற்றியிருக்கிறேன் என்று முறையியல் இயலில் சொல்லியும் விடுங்கள். இனிமேல் போஸ்டரில் போடுவதற்கு முன் மகளிடம் மறுபடி ஒருமுறை கேளுங்கள். நேர்காணலுக்குத் தந்த ஒப்புதல் போஸ்டருக்கும் சேர்த்துத்தான் என்று நாமாக முடிவு செய்ய முடியாது. நேர்காணல் நடக்கும்போது அப்பாவும் அறையில் இருந்திருந்தால், அவருடைய ஒப்புதலை எப்படிப் பெற்றீர்கள் என்று தேர்வாளர் நிச்சயம் கேட்பார். மறதி நோய் உள்ளவர் ஒருமுறை தலையாட்டியது போதாது. ஒவ்வொரு முறை போகும்போதும் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அதை எழுதுங்கள். இல்லையென்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. செயலியின் பொத்தானை அழுத்துவது யார், எப்போது என்று மற்ற பதினேழு குடும்பங்களிடம் கேட்டீர்களா என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. ஏழாவது நேர்காணலுக்கு முன் சந்தித்த ஆறு பேரிடம் கேட்டிருக்க வாய்ப்பில்லை. முதலில் அந்த ஆறு ஒலிப்பதிவுகளையும் திரும்பக் கேளுங்கள். அப்புறம் அந்த ஆறு வீடுகளுக்கும் போன் செய்து, இன்னொரு முறை வரலாமா என்று கேளுங்கள்.